மூளைநாடி ஒடுக்கமும் பாரிசவாதத் தடுப்பும்

பாரிசவாதம் என்னும் பெயரைக் கேளாதார் நம்மிடையே இலர். பக்கவாதம் என்றும், வாதம் அடித்துவிட்டது என்றும், கைகால் விழுந்துவிட்டது என்றும் இதனை மக்கள் பலவாறு வழங்குவர். நேற்று வரை கரைவலை இழுத்த கை இன்று ஒரு தேநீர்க் குவளையைத் தாங்க மாட்டாது தளர்ந்து கிடப்பதையும், வீடு நிறையப் பேசிய வாய் குழறி நிற்பதையும் கண்டவர்கள், இஃது எங்கிருந்தோ திடீரென வந்து விழுந்த இடி என்றே எண்ணுவர். உண்மையில் இந்நோய் பல ஆண்டுகளாக உடம்பினுள்ளே ஓசையின்றி வளர்ந்து ஒரு நாள் வெளிப்படுவதாகும். ஓசையின்றி வளரும் அக்காலத்திலும், ஒருமுறை வந்து சென்ற பின்னர் எஞ்சியிருக்கும் காலத்திலும் நாம் செய்யத்தக்கவை பல உள. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் மண்டையோட்டினுள்ளே ஒடுங்கிப்போனவர்கள், பாரிசவாதத்துக்கு ஆளாகாமல் தம்மைக் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை இன்று ஆராய எண்ணுகிறேன்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியிலே அமைந்த உப்புவெளி என்னும் ஊரை மனத்திற்கொண்டு இதனைக் கூற விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு. மூளைநாடிகளை நுணுக்கமாகப் படம்பிடிக்கும் கருவிகளும், நரம்பியல் நிபுணர்களும், நாடியினுள்ளே குழாய் செலுத்திச் சிகிச்சை செய்வோரும் நம் நாட்டில் தலைநகரிலேயே மிகுதியாக உள்ளனர். உப்புவெளியிலோ சாம்பல்தீவிலோ குச்சவெளியிலோ வாழும் ஒருவர், தமது மூளையின் நாடி ஒடுங்கியுள்ளது என்று வைத்தியர் கூறக் கேட்டவுடன், தமக்கு வேண்டிய காப்பு எட்டாத தொலைவிலும் எட்டாத விலையிலும் இருக்கிறது என்று மனந்தளர்வது இயல்பே. அவ்வெண்ணம் சரியானதா? கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகில் நடைபெற்ற பெரும் ஆய்வுகள் இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தந்துள்ளன. அவ்விடை கடற்கரைக் கிராமத்து எளிய மனிதருக்கு நம்பிக்கையூட்டுவது.

முதற்கண் மூளைக்குக் குருதி செல்லும் வழியைச் சிறிது அறிதல் வேண்டும். மனித மூளை, உடம்பின் நிறையில் நூற்றில் இரண்டு பங்கே உடையது. ஆயினும் உடம்பு முழுவதும் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அஃது ஒன்றே உட்கொள்கிறது. அதற்குச் சேமிப்பு இல்லை. குருதி வந்துகொண்டேயிருத்தல் வேண்டும். கழுத்தின் முன்புறத்தே இரு பெரும் நாடிகளும், முள்ளந்தண்டை ஒட்டி இரு நாடிகளுமாக நான்கு வழிகளால் குருதி மேலேறுகிறது. இந்நான்கும் மூளையின் அடிப்புறத்தே ஒரு வளையம் போல் இணைகின்றன. ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் 1664ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இவ்வளையத்தை விளக்கினார். இன்றும் அஃது அவர் பெயராலேயே வழங்குகிறது. வளையத்திலிருந்து பிரிந்து மூளைக்குள் செல்லும் கிளைகளுள் பெரியதாகிய நடுமூளைநாடிகூட ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் குறுக்களவே உடையது. சிறு பானக்குழாய் ஒன்றினும் மெல்லிய இவ்வழியை நம்பியே நமது கையசைவும் சொல்லும் நினைவும் இருக்கின்றன.

இந்நாடிகளின் உட்சுவரிலே ஆண்டாண்டாகக் கொழுப்புப் பொருள் படிகிறது. சுவர் தடித்துக் கடினமாகிறது. உள்வழி சுருங்குகிறது. இதனையே நாடி ஒடுக்கம் என்கிறோம். ஒடுங்கிய நாடி மூன்று வகையிலே தீங்கு விளைவிக்கும். படிவின் மேற்பரப்பு வெடித்து, அங்கே குருதி உறைந்து நாடி முற்றாக அடைபடலாம். அல்லது உறைந்த கட்டியின் சிறு துணுக்கொன்று பெயர்ந்து சென்று அப்பாலுள்ள சிறு கிளையை அடைக்கலாம். அல்லது, நாடியின் பக்கச்சுவரிலிருந்து மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மயிரிழை போன்ற கிளைகளின் வாயைப் படிவு மூடிவிடலாம். இவற்றோடு, உடம்பில் நீர் குறைந்தோ குருதியமுக்கம் மிகத் தாழ்ந்தோ போகும் வேளையில் ஒடுக்கத்துக்கு அப்பாலுள்ள பகுதிக்குப் போதிய குருதி செல்லாமற் போவதும் உண்டு. அடைபட்ட நிலையில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வகை ஒடுக்கம் ஆசிய மக்களிடத்தே மிகுதி. ஐரோப்பிய வழியினரிடத்தே நாடி ஒடுக்கம் பெரும்பாலும் கழுத்தில் உண்டாகிறது. சீனம், கொரியா, யப்பான் முதலிய நாடுகளிலும் தென்னாசியாவிலும் மண்டையோட்டினுள்ளே ஒடுங்குவது அடிக்கடி காணப்படுகிறது. ஆசிய நாடுகள் சிலவற்றில், குருதி அடைப்பினால் வரும் பாரிசவாதங்களுள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இதனால் நிகழ்வதாக மதிப்பிடுகின்றனர். பிறவிக் கூறு இதில் எவ்வளவு, வாழ்க்கை முறை எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்படுகிறது. எனினும் நாடியைக் கெடுப்பவை எவை என்பதில் ஐயமில்லை. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதியில் மிகுந்த கொலஸ்திரோல், புகையிலை, உடலுழைப்பின்மை ஆகிய ஐந்துமே அவை. வயது முதிர்தலை நாம் தடுக்க முடியாது. இவ்வைந்தையும் தடுக்கவோ தணிக்கவோ முடியும்.

ஒடுங்கிய நாடி சிலவேளை முன்னெச்சரிக்கை தருவதுண்டு. ஒரு கை பத்து நிமிடம் மரத்துத் தளர்ந்து பின் சரியாகிவிடும். பேச்சுத் தடுமாறிப் பின் தெளியும். ஒரு கண்ணின் பார்வை திரை விழுந்தாற்போல் மறைந்து மீளும். இதனைத் தற்காலிகப் பாரிசவாதம் என்பர். தானாகவே சரியாகிவிட்டமையால், களைப்பு என்றோ வெயில் என்றோ வாய்வு என்றோ கூறிப் பலரும் இதனை விட்டுவிடுகின்றனர். அங்ஙனம் விடுதல் பெருந்தவறு. இவ்வெச்சரிக்கையை அடுத்த சில நாட்களே முழுப் பாரிசவாதம் வருவதற்கு மிக வாய்ப்பான நாட்கள். வந்து மறைந்த தளர்ச்சிக்கும் அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அங்கே தலையையும் நாடிகளையும் படம்பிடித்துப் பார்க்கும்போதே பலருக்குத் தம் மூளைநாடி ஒடுங்கியிருப்பது முதன்முதலாகத் தெரியவருகிறது.

இனி, தடுப்பு முறைக்கு வருவோம். குழாய் அடைத்தால் துளைத்துவிடு, வாய்க்கால் தூர்ந்தால் வெட்டிவிடு என்பது நம் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. மருத்துவரும் அவ்வாறே எண்ணினர். 1967ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே, துருக்கியரான காசி யாசர்கில் என்னும் அறுவை மருத்துவர், தலையின் தோற்புறத்து நாடியொன்றை எடுத்து மண்டையோட்டினுள்ளே மூளைநாடியுடன் தைத்து இணைத்தார். அடைபட்ட வழிக்கு மாற்றாகப் புதுவழி அமைத்த அவ்வருஞ்செயல் உலகெங்கும் பரவியது. அதனாற் பாரிசவாதம் குறைகிறதா என்று கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் ஹென்றி பார்னற் தலைமையிலே பல நாடுகளைச் சேர்ந்த 1377 நோயாளரிடம் சோதித்தனர். 1985ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. இணைப்பு நாடி பெரும்பாலோரில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பாரிசவாதம் குறையவில்லை. மருந்து மட்டும் உட்கொண்டவர்களைக் காட்டிலும் அறுவை செய்துகொண்டவர்கள் எந்த நலமும் பெற்றாரல்லர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அதே பார்னற் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, கழுத்திலுள்ள நாடி 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கி, பாரிசவாத அறிகுறியும் தோன்றியிருந்தால், அப்படிவை அறுவையால் நீக்குவது மிகுந்த பயன் தரும் என்று நிறுவியது. ஈராண்டுகளில், மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேருக்கு ஒடுங்கிய பக்கத்திலே பாரிசவாதம் வந்தது. அறுவை செய்தோரில் 9 பேருக்கே வந்தது. ஆகவே, ஒடுக்கம் கழுத்திலா மண்டையோட்டினுள்ளேயா என்று வைத்தியரைக் கேட்டறிதல் ஒவ்வொரு நோயாளருக்கும் இன்றியமையாதது. இரண்டுக்கும் வழி வேறு.

இதயநாடிகளை வலைக்குழாய் பொருத்தி விரிக்கும் முறை வெற்றி பெற்ற பின்னர், மூளைநாடிக்கும் அதுவே தகும் என்னும் நம்பிக்கை எழுந்தது. அமெரிக்காவில் 451 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். எல்லோருமே 70 வீதத்துக்கு மேல் மூளைநாடி ஒடுங்கி, அண்மையில் பாரிசவாதமோ அதன் எச்சரிக்கையோ வரப்பெற்றவர்கள். ஒரு பிரிவினருக்கு வலைக்குழாயும் பொருத்தி மருந்தும் அளித்தனர். மற்றப் பிரிவினருக்கு மருந்தும், குருதியமுக்கக் கட்டுப்பாடும், வாழ்க்கை முறை வழிகாட்டலும் மட்டுமே தந்தனர். முதல் முப்பது நாட்களில், வலைக்குழாய் பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் பாரிசவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளாயினர். மருந்துப் பிரிவில் அவ்வாறானோர் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேரே. இவ்வளவு வேறுபாடு தோன்றியமையால் 2011ஆம் ஆண்டு ஏப்பிரலில் மேலும் நோயாளரைச் சேர்ப்பதை நிறுத்தினர். பின்னர் 2014ஆம் ஆண்டு வெளிவந்த இறுதி அறிக்கையும் மருந்துப் பிரிவே மேல் எனக் காட்டிற்று. 2022ஆம் ஆண்டு சீனாவில் நிறைவுற்ற ஆய்விலும், தேர்ந்த கைகள் செய்தபோதும் வலைக்குழாயால் மேலதிக நன்மை காணப்படவில்லை.

எதனால் இவ்வாறாயிற்று? மூளைநாடியின் சுவர் இதயநாடியின் சுவரினும் மெல்லியது. வளைந்து நெளிந்து செல்வது. அதனை விரிக்குங்கால் படிவு நசுங்கிப் பக்கக் கிளைகளின் வாயை அடைத்துவிடலாம். சுவர் கிழிந்து குருதி பெருகவும் கூடும். இன்னொரு காரணமும் உண்டு. ஒடுக்கம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், படிவு கொந்தளிப்பாக உள்ளதா அடங்கியுள்ளதா என்பதே பெரிதும் கருதத்தக்கது. மருந்து அப்படிவை அடக்குகிறது. அடங்கிய படிவு ஒடுக்கத்தோடிருந்தாலும் பல்லாண்டு தீங்கு செய்யாதிருக்கலாம். 2024ஆம் ஆண்டு வெளியான மற்றுமொரு சீன ஆய்வு, வலைக்குழாயின்றிப் பலூனால் மட்டும் மெதுவாகவும் குறைவாகவும் விரித்தபோது, தேர்ந்தெடுத்த நோயாளர் 501 பேரிடையே ஓராண்டளவில் நன்மை காணப்பட்டதாகக் கூறுகிறது. ஆகவே, தக்க மருந்து உட்கொண்டும் மீண்டும் மீண்டும் தாக்கமுறுவோருக்கு நிபுணர் அவ்வழியை எண்ணிப் பார்க்கலாம். எனினும் அவர்களுக்குங்கூட மருந்தும் ஒழுங்குமே அடித்தளம்.

இவ்வாய்வுகள் உப்புவெளி வாசிக்குக் கூறும் செய்தி யாது? மருந்துப் பிரிவினருக்கு அளிக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பாருங்கள். அஸ்பிரின், முதல் 90 நாட்களுக்குக் குளோப்பிடோகிரல், கொலஸ்திரோலைக் குறைக்கும் குளிசை, குருதியமுக்கத்துக்கான குளிசைகள், நீரிழிவுக் கட்டுப்பாடு, புகைத்தலை நிறுத்துதல், கிழமையில் மூன்று நாட்களாவது அரை மணி நேர உடற்பயிற்சி. இவற்றுள் தலைநகரிலே மட்டும் கிடைப்பது எதுவுமில்லை. அரச வைத்தியசாலையின் கிளினிக்கிலும், வீட்டு அடுக்களையிலும், கடற்கரை மணலிலும் கிடைப்பவையே இவை. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அஸ்பிரின், குளோப்பிடோகிரல் ஆகியவை குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கின்றன. சிறு பாரிசவாதத்தை அடுத்த முதற் கிழமைகளில் இரண்டையும் சேர்த்துத் தருவதன் பயனை, சீனாவில் 5170 பேரிடம் நடைபெற்று 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. மூன்று மாதங்களில் மீண்டும் பாரிசவாதம் வந்தோர், அஸ்பிரின் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 11.7 பேர், இரண்டும் பெற்றோரில் 8.2 பேர். ஆனால் இவ்விரண்டையும் காலவரையின்றிச் சேர்த்து உட்கொண்டால் குருதிப்பெருக்கு அபாயம் மிகும். எனவே ஒன்றை எப்பொழுது நிறுத்துவது என்பதை வைத்தியரே கூறவேண்டும். மலம் கருமையாகப் போதல், வாந்தியில் குருதி காணுதல் போன்றவை தோன்றின் உடனே அறிவித்தல் வேண்டும். குருதியை இளக்கும் வாபரின் என்னும் வலிய மருந்து அஸ்பிரினிலும் மேலாகக் காக்குமோ என்றும் சோதித்தனர். 2005ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், பாரிசவாதத் தடுப்பில் இரண்டும் சமமாயின. இறப்பும் குருதிப்பெருக்கும் வாபரின் பெற்றோரிடமே மிகுந்தன. எனினும் இதயத்துடிப்பு ஒழுங்கின்மை முதலிய வேறு காரணங்களுக்காக வாபரின் உட்கொள்வோர் இதனைக் கேட்டு அதனை நிறுத்தலாகாது. அவர்களுக்கு அஃது உயிர்காக்கும் மருந்து.

கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் வகை மருந்துகள் நாடிச்சுவரிலுள்ள படிவை அடக்குவன. தீய கொலஸ்திரோல் எனப்படுவதன் அளவை 70 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருதல் நோக்கம். இறைச்சிக் கொழுப்பையும் பொரியலையும் குறைத்துவிட்டேன், இனிக் குளிசை எதற்கு என்று சிலர் வினவுவர். உணவு மாற்றம் நன்றே. ஆயினும் நாடி ஒடுங்கியவருக்கு அது மட்டும் போதாது.

குருதியமுக்கத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். பேச்சு வழக்கில் பிரஷர் எனப்படும் இதுவே எல்லாவற்றினும் தலையாயது. மேலெண் பத்துக் குறைந்தால் பாரிசவாத அபாயம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளின் தொகுப்பு முடிவு. நாடி ஒடுங்கியவருக்குக் குருதியமுக்கத்தைக் குறைத்தால் ஒடுக்கத்துக்கு அப்பால் குருதி செல்லாதே என்று முன்னாளில் வைத்தியரே அஞ்சியதுண்டு. வாபரின் ஆய்விற் கலந்துகொண்டோரின் விவரங்களை மீண்டும் ஆராய்ந்தபோது, அமுக்கம் உயர்ந்திருந்தவர்களுக்கே பாரிசவாதம் மிகுதியாக வந்தமை புலனாயிற்று. பாரிசவாதம் தாக்கிய முதல் நாட்களில் வைத்தியர் வேண்டுமென்றே சற்று உயர்வாக விடுவதுண்டு. அக்காலம் கழிந்தபின், மேலெண்ணை 140க்குக் கீழும், தாங்கக்கூடியோருக்கு 130ஐ அண்டியும் படிப்படியாகக் கொண்டுவருதலே முறை. எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் குளிசையை எறிந்துவிடாமல் வைத்தியரிடம் கூறி அளவை மாற்றிக்கொள்க.

இவ்வகையில் நம் இலங்கையிலேயே நடந்த ஆய்வொன்று உலகின் கவனத்தை ஈர்த்தது. களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வாவும் அவுஸ்திரேலிய ஆய்வாளரும் சேர்ந்து, 2016ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை, நம் நாட்டு நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகள் பதினொன்றில் 700 பேரை ஆராய்ந்தனர். குருதியமுக்கத்துக்கான மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிப் பாதிப்பேருக்கு அளித்தனர். மற்றையோருக்கு வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. ஆறு மாதங்களின் பின், ஒரே குளிசை பெற்றோரில் நூற்றுக்கு 70 பேர் உரிய இலக்கை அடைந்தனர். மற்றப் பிரிவில் 55 பேரே அடைந்தனர். 2018ஆம் ஆண்டு வெளியான இம்முடிவு, உட்கொள்ளும் முறை எளிதானால் மக்கள் ஒழுங்காக உட்கொள்வர் என்பதைக் காட்டுகிறது. 2020ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்து, அறிவுரை கூறி, தேவைப்பட்டோரை வைத்தியரிடம் அனுப்பினர். ஈராண்டில், அவ்வசதி பெற்ற கிராமத்தவரின் அமுக்கம் மற்றையோரினும் ஐந்து அலகு மிகுதியாகக் குறைந்தது. பெரிய கருவிகள் எதுவும் அங்கே பயன்படவில்லை.

இனி உப்பு. உப்புவெளி என்னும் பெயரிலேயே உப்பு இருக்கிறது. நிலாவெளிப் பக்கத்தே உப்பளங்களும் உள. கடற்கரை வாழ்வுக்கும் உப்புக்கும் உள்ள உறவு பழையது. மீனைக் கெடாது காக்க வேறு வழியில்லாத நாளில் உப்பே துணையாயிற்று. அப்பழக்கம் நம் நாவிலும் படிந்துவிட்டது. கருவாடு, மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்பன ஒருபுறம்; கடையில் வாங்கும் பாண், சூப் கட்டி, பொதி செய்த நொறுக்குத்தீனி என்பன மறுபுறம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லா வழியாலும் ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது மட்டமான ஒரு தேக்கரண்டி அளவு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம், சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பை வழங்கிப் பார்த்தனர். அவர்களுட் பெரும்பாலோர் முன்னரே பாரிசவாதம் வந்தவர்கள். 2021ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சமையலறை உப்பை மாற்றியதால் மட்டும் விளைந்த நன்மை இது. ஆனால் சிறுநீரக நோயுடையோருக்குப் பொட்டாசிய உப்பு ஆபத்தானது. வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த சில பகுதிகளிலும் சிறுநீரக நோய் மிகுந்திருத்தலின், நம்மவர் வைத்தியரைக் கேளாது அதனைப் பயன்படுத்தலாகாது. உப்பின் அளவைக் குறைப்பதற்கோ எவரையும் கேட்கவேண்டியதில்லை. கரையில் அன்றன்று வந்திறங்கும் பச்சைமீன் இருக்கையில் கருவாட்டை நாடவேண்டிய தேவை நம் ஊரவருக்குக் குறைவே. புளியும் மிளகும் தேசிக்காயும் சேர்த்தால் உப்புக் குறைந்த குழம்பும் சுவைக்கும். சில கிழமைகளில் நாப் பழகிவிடும்.

புகையிலையை எவ்வடிவிலும் விடுதல் வேண்டும். சுருட்டானாலும் பீடியானாலும் சிகரெட்டானாலும், வெற்றிலையோடு மெல்லும் துண்டானாலும் நாடிக்கு அது நஞ்சே. நீரிழிவு உடையோர் சர்க்கரையளவைக் கட்டுக்குள் வைத்தல் வேண்டும். உடற்பயிற்சியைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. வலைக்குழாய் ஆய்வில் மருந்துப் பிரிவைச் சேர்ந்தோரைப் பின்னர் ஆராய்ந்தபோது, மீண்டும் தாக்கமுறாமல் இருந்தமைக்கு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது உடலுழைப்பே. வலை இழுப்பவருக்கு அது தொழிலிலேயே அமைகிறது. கடையிலும் காரியாலயத்திலும் விடுதிகளிலும் அமர்ந்து வேலை செய்வோரும், தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் முதியோரும், அலஸ்தோட்டத்துக் கடற்கரையிலே வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடந்தாற் போதும். கை கால் தளர்ந்தவரும் இயன்றவரை, துணையோடு நடத்தல் நன்று.

இத்தனையும் கூறியபின், எல்லாவற்றையும் வீணாக்கும் ஒன்றைக் கூறாதிருக்க முடியாது. அதுதான் மருந்தை நடுவிலே நிறுத்திவிடுதல். அறுபது வயதுத் தொழிலாளர் ஒருவர் பாரிசவாதம் வந்து தேறினார் என்று கொள்வோம். முதல் மூன்று மாதங்கள் கிளினிக் கொப்பியும் கையுமாக ஒழுங்காகச் செல்கிறார். பிரஷர் 130க்கு இறங்குகிறது. கையும் முன்போல் இயங்குகிறது. "வருத்தம் மாறிவிட்டது, இனிக் குளிசை ஏன்?" என்கிறார். மகள் கேட்டால், "நீ சும்மா இரு பிள்ளை" என்கிறார். அமுக்கம் இறங்கியது குளிசையினால்தான் என்பதையும், குளிசையை நிறுத்தினால் அது மீண்டும் ஏறும் என்பதையும் அவருக்கு யாரும் விளங்கும்படி கூறவில்லை. காய்ச்சலுக்கு உண்ணும் மருந்து காய்ச்சல் நின்றால் முடியும். நாடி ஒடுக்கத்துக்கு உண்ணும் மருந்து உயிருள்ளவரை தொடர்வது. உடலில் எந்தக் குறையும் தோன்றாத நாட்களே அம்மருந்து நன்கு வேலை செய்யும் நாட்கள்.

நிறுத்துவதற்கு வேறு காரணங்களும் உள. கடலுக்குப் பல நாட் கலத்தில் செல்வோர் குளிசையைக் கரையில் மறந்துவிடுவர். அவர்கள் நீர் புகாத சிறு பெட்டியொன்றில் நாட்கணக்காகப் பிரித்து எடுத்துச் செல்லலாம். கந்தசஷ்டி விரதமாயினும் றமழான் நோன்பாயினும், தொடங்குமுன் வைத்தியரைக் கண்டு, வேளையை மாற்றி உட்கொள்ளும் முறையைக் கேட்டறிதல் வேண்டும். பல்லுப் பிடுங்குவதற்காகவோ சிறு அறுவைக்காகவோ அஸ்பிரினைத் தாமாக நிறுத்துதல் கூடாது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் ஒரு குளிசையைப் பாதியாக்கி நாளைக் கடத்துவதைவிட, கிடைக்கும் மாற்று மருந்து எது என்று கிளினிக் வைத்தியரிடமே கேட்பது நன்று. விலையுயர்ந்த பெயருடைய மருந்துதான் வேண்டுமென்பதில்லை. அஸ்பிரினும் குருதியமுக்கக் குளிசைகளும் மிகப் பழைய, மலிவான மருந்துகள்.

இன்னும் நோய் வராதோரும் ஒன்று செய்யலாம். 2011ஆம் ஆண்டு முதல் அரசினர் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நிறுவினர். நடுவயதினர் அங்கே சென்று குருதியமுக்கம், சர்க்கரை, எடை ஆகியவற்றை இலவசமாக அளந்து அறியலாம். ஆண்கள் அங்கே செல்லத் தயங்குகின்றனர் என்பதே சுகாதாரப் பணியாளரின் மனக்குறை. வீட்டுப் பெண்கள் தாம் செல்லும்போது கணவரையும் தமையனையும் அழைத்துச் செல்வார்களாக.

முயன்று காத்தும் பாரிசவாதம் வந்துவிடின், காலமே மருந்து. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தாழ்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி வரும். 2016ஆம் ஆண்டு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அச்சேவை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நாடியை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்ளேயே பொதுவாகத் தரத்தக்கது. ஆதலின் நோயாளர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடிந்தபின் போவோம் என்று காலங்கழிக்கலாகாது. விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கக்கூடுமாதலால் தண்ணீரோ உணவோ வாயில் ஊற்றலாகாது. வீட்டிலுள்ள அஸ்பிரினையும் அப்போது கொடுத்தலாகாது. அடைப்பா குருதிப்பெருக்கா என்பதைப் படம்பிடித்த பின்னரே அறியமுடியும். குருதிப்பெருக்காயின் அஸ்பிரின் கேடு விளைக்கும்.

நேயர்களே, மூளைநாடி ஒடுங்கியவருக்கு நாடியைப் புகுந்து விரிக்கும் அரிய சிகிச்சையைக் காட்டிலும், நாள்தோறும் தவறாது செய்யும் எளிய செயல்களே இதுவரை நிறுவப்பட்ட பெருங்காப்பு என்பதைக் கண்டோம். கொழும்பில் இருப்பவருக்கும் உப்புவெளியில் இருப்பவருக்கும் இக்காப்பு ஒன்றே. எட்டாத தொலைவில் இருக்கிறது என்று ஒருவரும் மனந்தளர வேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதனாலேயே அதனை எளிதென்று எண்ணி விட்டுவிடாதிருத்தலே நம் கடமை. இன்றிரவு உறங்குமுன், உங்கள் வீட்டில் பாரிசவாதம் வந்து தேறியவர் எவரேனும் இருப்பின், அவருடைய இன்றைய குளிசைகளை உட்கொண்டாரா என்று ஒருமுறை கேளுங்கள். அடுத்த கிளினிக் எந்நாள் என்று கொப்பியைப் பாருங்கள்.